அரை அடி மண்ணுக்குள் ஒரு காடு



உங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் அலுமினிய இட்லிப் பானையோ குண்டானோ இருக்கும். அதை ஒரு முறை கையில் தூக்கிப் பாருங்கள். எடை 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 2 கிலோ உலோகத்தைப் பெறுவதற்கு எவ்வளவு தாதுவைத் தோண்ட வேண்டும் தெரியுமா? நல்ல தரமான பாக்சைட் தாதுவாக இருந்தால் ஏறத்தாழ 8 கிலோ. தரம் குறைந்த தாதுவாக இருந்தால் அதைவிடவும் அதிகம்.

தோண்டிய இடம் என்ன ஆகிறது? இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்பியபோது மாணவர் ஒருவர் உடனே பதில் சொன்னார்: "குழியை மூடி மரக்கன்று நட்டுவிட்டால் சரியாகிவிடும், சார்." வகுப்பு முழுவதும் தலையாட்டியது. நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் எண்ணுகிறோம். மரம் நட்டால் தோப்பு வரும். ஆனால் காடு வருமா? ஒரு நாட்டின் விஞ்ஞானிகள் இந்தக் கேள்விக்கு விடை தேடி அறுபது ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். அவர்கள் கற்றதையும் இன்னும் கற்க வேண்டியதையும் இக்கட்டுரையில் காண்போம். நான் இயற்பியல் ஆசிரியன். தாவரவியல் வல்லுநன் அல்லன். ஆயினும் இந்தக் கதையில் இயற்பியலுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை நீங்களே உணர்வீர்கள்.

தாது கீழே, காடு மேலே

சுரங்கம் என்றவுடன் பூமியின் ஆழத்தில் இருட்டு வழிகளில் விளக்குடன் செல்லும் மனிதர்கள் நம் நினைவுக்கு வருவார்கள். பாக்சைட் சுரங்கம் அப்படிப்பட்டதன்று. வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில் பாறைகள் பல லட்சம் ஆண்டுகள் நீரால் கழுவப்படுகின்றன. கரையக்கூடிய பொருள்கள் எல்லாம் கரைந்து போகின்றன. கரையாத அலுமினியச் சேர்மங்களும் இரும்புச் சேர்மங்களும் எஞ்சி நிற்கின்றன. இந்த மிச்சமே பாக்சைட். எனவே அது நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே கிடக்கிறது. நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மலையுச்சிகளில்தான் இத்தாது வெட்டி எடுக்கப்பட்டது.

இதனால் பாக்சைட் சுரங்கம் ஆழம் குறைந்தது. ஆனால் பரப்பு மிகுந்தது. ஆழமான ஒரே குழிக்குப் பதிலாக, பரந்த நிலத்தின் மேல்தோலையே உரிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தோலின்மேல்தான் காடு நிற்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த் நகருக்குத் தென்கிழக்கே டார்லிங் மலைத்தொடர் உள்ளது. அங்குள்ள காட்டின் முதன்மையான மரம் ஜாரா. இது யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்தது. செந்நிறமான, மிகக் கடினமான மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் நகரத் தெருக்களில் பாவுவதற்குக்கூட இதன் கட்டைகள் கப்பலேறின. ஜாராவுக்குத் துணையாக மாரி என்னும் மரமும் வளர்கிறது. (இதற்கும் நம் மாரி மழைக்கும் தொடர்பு இல்லை!) இவற்றின் நிழலில் நூற்றுக்கணக்கான வகைப் புதர்களும் பூச்செடிகளும் கோரைகளும் உள்ளன. உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் இவற்றுள் பல.

இந்தக் காட்டின் அடியில், சராசரி 4 முதல் 5 மீட்டர் பருமனுக்குப் பாக்சைட் படிந்துள்ளது. 1963-இல் அல்கோவா நிறுவனம் ஜாராடேல் என்னும் இடத்தில் அதைத் தோண்டத் தொடங்கியது. 1966-இல், தோண்டி முடித்த குழிகளில் மீண்டும் மரம் வளர்க்கும் வேலை ஆரம்பமாயிற்று.

குழிக்குள் நேர்ந்தது என்ன?

காடு நீக்கப்பட்டு, தாதுவும் எடுக்கப்பட்ட ஒரு குழிக்குள் நாம் இறங்கி நிற்பதாகக் கற்பனை செய்வோம். காலுக்கடியில் வெளிறிய களிமண் தரை. இயற்பியல் கண்ணால் பார்த்தால் இங்கே மூன்று பெரும் மாற்றங்கள் நேர்ந்துள்ளன.

முதலாவது, இறுக்கம். தாது ஏற்றிய லாரி ஒன்றின் எடை 100 டன்னுக்கு மேல் இருக்கும். அது திரும்பத் திரும்ப ஓடிய தரை சிமென்ட் போல் ஆகிவிடும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். மண் துகளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.65 கிராம். ஆனால் பொலபொலப்பான ஒரு கன சென்டிமீட்டர் மண்ணை எடுத்து உலர்த்தி நிறுத்தால் 1.3 கிராம்தான் இருக்கும். 1.3-ஐ 2.65-ஆல் வகுத்தால் 0.49. அதாவது பாதியளவுதான் மண், மறுபாதி நுண்துளைகள்! இறுகிய தரையில் இதே அளவு மண் 1.8 கிராம் இருக்கும். அப்போது துளைகளின் பங்கு 32 விழுக்காடாகக் குறைகிறது.

"பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகத்தானே குறைந்தது?" என்று கேட்கலாம். இங்கேதான் கவனம் தேவை. மண் அழுந்தும்போது முதலில் மூடிக்கொள்வன பெரிய துளைகளே. குழாயின் ஆரம் பாதியானால் அதன் வழியே ஒரு விநாடியில் பாயும் நீரின் அளவு பாதியாவதில்லை. 16-இல் ஒரு பங்காகிறது என்பதை மேல்வகுப்பில் பாய்சுவீ விதி என்று படிப்பீர்கள். ஆகவே துளைகளின் மொத்த அளவு சிறிது குறைந்தாலே நீர் உட்புகுவது வெகுவாகக் குறைந்துவிடும். வேர் நுனியும் அந்தத் தரையைத் துளைக்க மாட்டாது.

இரண்டாவது, மழைத்துளியின் அடி. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர், அதாவது 10 கிலோகிராம் நீர் விழுகிறது. துளிகளின் வேகம் விநாடிக்கு 7 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் = ½ × 10 × 7 × 7 = 245 ஜூல். ஒரு ஹெக்டேருக்குக் கணக்கிட்டால் 24,50,000 ஜூல். ஒரு டன் சுமையை 250 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் இது! காட்டில் இந்த அடியை இலைகளும் தரையில் கிடக்கும் சருகும் வாங்கிக்கொள்கின்றன. வெற்று நிலத்தில் அது நேரே மண்ணின்மேல் விழுந்து துகள்களைச் சிதறடிக்கிறது. சிதறிய துகள் துளையை அடைக்கிறது. உள்ளே போக வழியற்ற நீர் சரிவில் ஓடி மண்ணையும் இழுத்துச் செல்கிறது.

மூன்றாவது, வெப்பம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். காட்டில் விழும் வெயிலின் பெரும்பகுதி இலைகளிலிருந்து நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. மரமற்ற, வறண்ட தரையில் அதே வெயில் தரையைச் சுடுவதற்கே பயன்படுகிறது. அங்குக் கோடைக்காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது மழை மிக அரிது. பனிக்காலத்தில்தான் மழை. மழையில் முளைத்த இளஞ்செடி இந்த முதல் கோடையைத் தாண்டினால்தான் பிழைத்தது என்று பொருள்.

முதல் முயற்சி, முதல் பாடம்

ஆரம்ப ஆண்டுகளில் எளிய வழியே கையாளப்பட்டது. குழியைச் சமன் செய்து, விரைவாக வளரும் மரங்களை வரிசையாக நட்டார்கள். பைன் மரங்கள் நடப்பட்டன; ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து கொண்டுவந்த யூகலிப்டஸ் வகைகளும் நடப்பட்டன.

அங்கேயே ஜாரா இருக்க, வெளிமரங்கள் எதற்கு? இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் ஜாராக் காட்டில் பரவிக்கொண்டிருந்தது. அது வேரை அழுகச் செய்து, மரத்தை நுனியிலிருந்து கருகச் செய்யும். ஈரமண் ஒட்டிய வண்டிச் சக்கரத்தில் ஏறி ஊர்விட்டு ஊர் போகும். சுரங்க லாரிகள் ஓடிய இடத்தில் ஜாரா பிழைக்காது என்று அஞ்சியே, அந்நோயைத் தாங்கக்கூடிய வெளிமரங்களைத் தேர்ந்தார்கள்.

மரங்கள் வளரத்தான் செய்தன. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்றும் இருந்தது. ஆனால் அது ஜாராக் காடு அன்று.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். யூகலிப்டஸை நாம் தைலமரம் என்கிறோம். நீலகிரியில் அது அயல்நாட்டு மரம் என்று நாம் அறிவோம். ஆஸ்திரேலியாவில் அது சொந்த மரம்தானே? பொதுவாகச் சொன்னால் சரி. ஆனால் அந்த நாடு மிகப் பெரியது. கிழக்குக் கரையின் யூகலிப்டஸ், 3000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மேற்குக் காட்டில் நீலகிரியில் இருப்பது போன்றே ஓர் அந்நியன்தான். தாவரங்களுக்குத் தேச எல்லை தெரியாது. அந்த மண், அந்த மழை, அந்தப் பூச்சி, அந்தப் பறவை இவற்றோடு சேர்ந்து வளர்ந்ததே 'சொந்தத் தாவரம்'.

நோய் பரவாமல் வண்டிகளைக் கழுவுதல், நோயுள்ள மண்ணையும் இல்லாத மண்ணையும் கலக்காதிருத்தல் போன்ற முறைகள் பின்னர் வகுக்கப்பட்டன. ஜாராவும் நன்கு வடியும் தரையில் தாக்குப்பிடித்தது. 1988 முதல் அவ்விடத்துக்கே உரிய ஜாராவும் மாரியும் மட்டுமே வளர்ப்பது என்று முடிவாயிற்று.

மண்ணுக்குள் இருக்கும் வங்கி

மரம் சரி, மற்ற நூற்றுக்கணக்கான செடிகளை எங்கே போய் வாங்குவது? பலவற்றின் விதையைச் சேகரிப்பதே அரிது. விடை அவர்களின் காலடியிலேயே இருந்தது.

காட்டில் ஒவ்வோர் ஆண்டும் விதைகள் உதிர்கின்றன. எல்லாம் உடனே முளைத்துவிடுவதில்லை. பெரும்பகுதி மண்ணின் மேலடுக்கில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். இதனை 'விதை வங்கி' என்பர். விதைகளோடு, சில செடிகளின் கிழங்குகளும், வேருக்கு உணவூட்டும் பூஞ்சைகளும், எண்ணற்ற நுண்ணுயிர்களும் அங்கேயே உள்ளன. இவை மிகுந்திருப்பது மேலுள்ள ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மண்ணில். அரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பென்சிலின் நீளம் கூட இல்லை! மேலே நிற்கும் காட்டை வெட்டினாலும், அடுத்த காடு இந்த அரை அடிக்குள் காத்துக் கிடக்கிறது.

ஆனால் இந்த வங்கியை எடுத்துச் செல்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல்மண்ணுக்குக் கீழே தாது தொடங்கும் வரை இன்னும் சிறிது சரளை மண் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வாரினால் வேலை சுலபம். அப்படிச் செய்தால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னஞ்சிறு விதைக்குள் இருக்கும் உணவும் சிறிதே. அந்த உணவு தீர்வதற்குள் முளை வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். மேலிருந்து 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் விதைகளே வெளிவர முடியும் என்று கொள்வோம். மேல்மண் 15 சென்டிமீட்டரை மட்டும் தனியே வாரிக் கலந்து பரப்பினால், விதைகளில் 15-க்கு 3, அதாவது 20 விழுக்காடு மேலே இருக்கும். அதன் கீழுள்ள 45 சென்டிமீட்டர் மண்ணையும் சேர்த்து 60 சென்டிமீட்டராகக் கலந்துவிட்டால், 60-க்கு 3, அதாவது 5 விழுக்காடுதான். ஒரே ஒரு முறை கவனக்குறைவாக வாரியதால் நான்கில் மூன்று பங்கு செடிகளை இழந்துவிட்டோம்! விதை அழியவில்லை; எட்டாத ஆழத்தில் புதைந்துவிட்டது, அவ்வளவே.

எனவே அங்கு மண்ணை இரண்டு தடவையாக வாருகிறார்கள். முதலில் மேல்மண்; பிறகு அடிமண். திருப்பிப் போடும்போது அடிமண் முதலில்; மேல்மண் மேலே.

இன்னொரு பாடமும் கிடைத்தது. வாரிய மேல்மண்ணைக் குவித்து வைத்துப் பிறகு பயன்படுத்தினால், குவியலுக்குள் ஈரமும் புழுக்கமும் சேர்ந்து விதைகள் கெட்டுப்போகின்றன. ஆகவே இயன்றவரை குவித்து வைப்பதே இல்லை. புதிதாகத் திறக்கும் இடத்தின் மேல்மண், தோண்டி முடித்த பழைய குழிக்கு லாரியில் நேரே போய்விடுகிறது. அதுவும் வறண்ட காலத்தில் செய்தால் விதைகள் மேலும் நன்றாகப் பிழைக்கின்றன. மீண்டு வரும் தாவர இனங்களில் பெரும்பகுதி, யாரும் விதைக்காமல் இந்த மண்ணிலிருந்தே வருவதைக் கண்டார்கள்.

ஆழ உழுதல்

மேல்மண்ணைப் பரப்பினால் போதுமா? அடியில் சிமென்ட் போன்ற தரை இருக்கிறதே! குழியின் செங்குத்தான ஓரங்களை முதலில் சரித்து, சுற்றியுள்ள நிலத்தோடு இழைந்து போகும்படி வளைவாக்குகிறார்கள். பிறகு பெரிய புல்டோசரின் பின்னே எஃகுக் கொழுவை மாட்டி, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கீறுகிறார்கள். நம் உழவர் சரிவுக்குக் குறுக்கே ஏர் ஓட்டுவதுபோல, இந்த உழுசால்களும் சம உயரக் கோட்டிலேயே செல்லும். ஒவ்வொரு சாலும் ஒரு சிறிய அணை. மேலிருந்து ஓடிவரும் நீர் அங்கே நின்று, பிளவுகளின் வழியே கீழிறங்குகிறது.

இந்தப் பிளவுகள் வேருக்கு வாசல்களுமாகும். ஜாரா மரத்தின் வேர் களிமண்ணில் உள்ள துவாரங்களின் வழியே 40 மீட்டர் ஆழம் வரை சென்றிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். மழையற்ற கோடையில் அது பசுமையாக நிற்கும் இரகசியம் இதுவே. பழைய மரங்களின் வேர் போன வழிகள் குழியின் தரைக்குக் கீழே இன்னும் இருக்கின்றன. தரையின் இறுக்கம் உடைந்தால் புதிய வேர் அந்தப் பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

விதைப்பும் உழுத சூட்டோடு நடக்க வேண்டும். உழுதவுடன் மண்கட்டிகளுக்கு இடையே சிறு சந்துகள் இருக்கும். விதை அவற்றில் விழுந்து மறைந்துகொள்ளும். ஒரு மழை பெய்து மண் படிந்துவிட்டால் சந்துகள் அடைபடும். பிறகு விதைத்தால் விதை மேலேயே கிடந்து எறும்புக்கும் வெயிலுக்கும் இரையாகும்.

தீயும் புகையும்

ஜாராக் காட்டில் காட்டுத்தீ புதியதன்று. அந்நிலத்தின் ஆதிகுடிகளான நூங்கார் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தீயை அளவோடு பயன்படுத்தி வந்தவர்கள். தீ எரிந்து அடங்கிய பிறகு வரும் முதல் மழையில், அதுவரை காணாத செடிகள் எல்லாம் முளைப்பதுண்டு. விதைகள் தீயை எதிர்பார்த்துத் தூங்கின போலும்!

அக்கேசியா போன்ற அவரைக் குடும்பச் செடிகளுக்குக் காரணம் எளிது. அவற்றின் விதைத்தோல் நீர் புகாதது. வெப்பம் பட்டால் தோலில் வெடிப்பு உண்டாகி நீர் உள்ளே போகும். எனவே விதைக்கும் முன் இவற்றுக்குச் சூடு காட்டுகிறார்கள். இவை விரைவில் வளர்ந்து, வேர் முண்டுகளில் வாழும் பாக்டீரியாக்களின் உதவியால் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். முதலில் இந்த உரத்தொழிலாளர், பிறகு மற்றவர்.

ஆனால் வேறு பல விதைகள் சூடு காட்டியும் அசையவில்லை. 1990-இல் தென்னாப்பிரிக்காவில் இரு ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டனர்: ஓர் அரிய செடியின் விதையை எழுப்பியது சூடு அன்று, புகை! மேற்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதைத் தம் செடிகளிடம் சோதித்தனர். முளைக்கவே முளைக்காது என்று கைவிட்டிருந்த பல இனங்கள் புகை பட்டதும் முளைத்தன. இந்த முடிவு 1995-இல் வெளியாயிற்று.

புகையில் ஆயிரக்கணக்கான இரசாயனப் பொருள்கள் உள்ளன. விதையை எழுப்புவது எது? பல ஆண்டுத் தேடலுக்குப் பின் 2004-இல் அந்தப் பொருள் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. பச்சிலைதான் எரிய வேண்டும் என்பதில்லை. வெறும் வடிதாளை எரித்த புகையிலும் அது இருந்தது. அந்த வகைப் பொருள்களுக்குக் 'காரிக்கின்' என்று பெயரிட்டனர். நூங்கார் மொழியில் 'காரிக்' என்றால் புகை. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே அது வேலை செய்கிறது. 1 கிராமை 10 லட்சம் லிட்டர் நீரில் கரைத்தால் கிடைக்கும் செறிவு அது! இப்போது விதைகளைப் புகை கலந்த நீரில் நனைத்த பின் விதைக்கிறார்கள். தீ வைக்காமலே தீ வந்ததாக விதையை நம்ப வைக்கிறோம்.

புகைக்கும் மசியாத சிலவும் உண்டு. குறிப்பாகக் கோரை வகைகளில் பல நல்ல விதையே தருவதில்லை. இவற்றின் சிறு துணுக்கை ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி, ஒவ்வொன்றாகக் கையால் நடுகிறார்கள்.

காடு திரும்பிவிட்டதா?

இவ்வளவும் செய்த பின் கிடைத்தது என்ன? 1990-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் தனது 'குளோபல் 500' சிறப்புப் பட்டியலில் இம்முயற்சியைச் சேர்த்தது. 2001-இல், புதிதாகச் சீரமைத்த நிலங்களில் உள்ள தாவர இனங்களின் சராசரி எண்ணிக்கை, தோண்டாத காட்டின் எண்ணிக்கைக்குச் சமமாகிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. பல பறவைகளும் விலங்குகளும் திரும்பி வந்தன. வெறும் பைன் வரிசையில் தொடங்கிய வேலை இவ்வளவு தூரம் வந்தது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் எண்ணிக்கை சமமானால் காடு சமமாகிவிடுமா? வகுப்பில் 40 பேர் இருந்த இடத்தில் வேறு 40 பேரை உட்கார வைத்தால் அது அதே வகுப்பு ஆகுமா? எந்த இனம் எவ்வளவு, எவ்வளவு நெருக்கமாக என்பதும் முக்கியம் அல்லவா? சில இடங்களில் இளமரங்கள் தேவைக்கு மேல் நெருக்கமாக வளர்ந்தன. நெருங்கிய மரங்கள் மிகுதியாக நீரை உறிஞ்சும். அந்தப் பகுதியிலோ 1970-க்குப் பிறகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மழை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்துள்ளது. பெர்த் நகரின் குடிநீர் அணைகளில் சில இந்தக் காட்டிலேயே உள்ளன என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. காக்கட்டூ என்னும் கொண்டைக் கிளிகளில் கறுப்பு நிறமானவை இந்தக் காட்டில் வாழ்கின்றன. அவை முதிய மரங்களின் பெரிய பொந்துகளில்தான் முட்டையிடும். ஒரு ஜாரா மரத்தில் அத்தகைய பொந்து உண்டாக நூறு ஆண்டுகளுக்கு மேலாகும். 1966-இல் நட்ட மரத்துக்கு வயது இன்னும் நூறு ஆகவில்லை. உரம் போட்டு, நீர் ஊற்றி, புகை காட்டி விதையை எழுப்பலாம். பொந்தை எழுப்ப முடியுமா? காலத்தைச் சுருக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை.

2024-இல் வெளியான ஓர் ஆய்வில், மறுசீரமைப்புக்கான பன்னாட்டு அளவுகோலைக் கொண்டு இந்நிலங்களை மதிப்பிட்ட விஞ்ஞானிகள், ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டு நட்சத்திரமே கொடுத்தனர். அன்று பாராட்டு, இன்று இரண்டு நட்சத்திரமா என்று குழம்ப வேண்டாம். 'பசுமையாகிவிட்டதா?' என்பது அன்றைய கேள்வி. 'அதே காடு ஆகிவிட்டதா?' என்பது இன்றைய கேள்வி. அளவுகோல் நுட்பமாகும்போது பிழையும் தெளிவாகத் தெரியும். இது இயற்பியல் ஆய்வகத்தில் நீங்கள் அன்றாடம் காண்பதுதானே!

நீங்களே செய்து பாருங்கள்

1. இரண்டு தகர டப்பாக்களின் அடியில் ஒரே அளவில் சில துளைகள் இடுங்கள். இரண்டிலும் ஒரே வகைச் சற்று ஈரமான தோட்டமண்ணை நிரப்புங்கள். ஒன்றில் மண்ணைத் தளர்வாக விடுங்கள். மற்றதில் கட்டையால் நன்றாக இடித்து, அதே உயரம் வரும்வரை மேலும் மண் சேர்த்து இடியுங்கள். இரண்டிலும் ஒரு தம்ளர் நீர் ஊற்றி, நீர் முழுவதும் உள்ளே இறங்க ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறியுங்கள். மண்ணை உலர்த்தி நிறுத்து, நுண்துளைகளின் விழுக்காட்டையும் மேலே கூறிய முறையில் கணக்கிடுங்கள்.

2. சரக்கொன்றை விதைகள் 30 எடுத்து மூன்று பங்காகப் பிரியுங்கள். முதற்பங்கை அப்படியே விதையுங்கள். இரண்டாம் பங்கின் தோலை உப்புத்தாளில் ஓரிடத்தில் தேய்த்து விதையுங்கள். மூன்றாம் பங்கின்மேல் வெந்நீர் ஊற்றி, ஆறும்வரை ஊறவிட்டு விதையுங்கள். (வெந்நீர் ஊற்றப் பெரியவர் துணை தேவை.) மூன்று வாரம் தினமும் எண்ணிக்கையைக் குறியுங்கள்.

3. பள்ளியருகே மனிதர் அதிகம் மிதிக்காத ஒரு புதரடியில், மேலுள்ள 5 சென்டிமீட்டர் மண்ணை ஒரு தட்டளவு எடுங்கள். அதே இடத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து இன்னொரு தட்டு மண் எடுங்கள். இரண்டையும் அகலமான தட்டுகளில் மெல்லப் பரப்பி, எதையும் விதைக்காமல் நீர் மட்டும் தெளித்து வாருங்கள். ஒரு மாதத்தில் எந்தத் தட்டில் எத்தனை முளைகள், எத்தனை வகைகள்? உங்கள் ஊர் விதை வங்கியின் கணக்குப் புத்தகத்தை நீங்களே திறந்து பார்த்தவர்கள் ஆவீர்கள்.

பானைக்குத் திரும்புவோம்

அலுமினியம் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. பானை முதல் மின்கம்பி வரை அது நமக்குத் தேவை. ஆனால் பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, தாதுவிலிருந்து புதிதாகப் பெறுவதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். அதற்கு எந்தக் காட்டின் மேல்மண்ணையும் வார வேண்டியதில்லை. ஓட்டைப் பானையைப் பழைய பாத்திரக்காரரிடம் போடும்போது நீங்கள் எங்கோ ஓரிடத்தில் அரை அடி மண்ணை அதன் இடத்திலேயே இருக்க விடுகிறீர்கள்.

அந்த மாணவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். குழியை மூடி மரம் நடுவது தொடக்கம்; முடிவன்று. முதலில் மண்ணைக் காக்க வேண்டும். பிறகு நீருக்கு வழி விட வேண்டும். அதன் பிறகே விதை. இவை எல்லாவற்றையும் செய்த பின்னும் காத்திருக்க வேண்டும், நம் ஆயுளைவிட நீண்ட காலம். எனவே ஓரிடத்தைத் தோண்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி, 'பிறகு மரம் நடுவீர்களா?' என்பதன்று. 'இந்த மேல்மண்ணை எங்கே, எப்படி வைக்கப்போகிறீர்கள்? இந்தப் பொந்து மரத்துக்கு என்ன பதில்?' என்பதே. இக்கேள்வியை ஒருநாள் கேட்கும் இடத்தில், அல்லது அதற்குப் பதில் சொல்லும் இடத்தில், உங்களில் சிலர் பொறியாளராகவோ அதிகாரியாகவோ அமர்ந்திருப்பீர்கள். அப்போது அந்தத் தட்டில் முளைத்த செடிகள் உங்கள் நினைவுக்கு வரட்டும்.